மோர்கனா, பீஸா, ஐக்கா, பொன்னிறமா? அமெரிக்க டாலர் காசில் எந்த வரிசையைச் சேர்ப்பது

அமெரிக்க டாலர் காசு சேர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஒரு பக்கம் நூறு வருஷத்துக்கு முந்தைய கனத்த வெள்ளிக் காசு (மோர்கன், பீஸ் டாலர்கள்). மறுபக்கம் ஒரு டாலர் நோட்டை நீட்டினால் வங்கியிலேயே கிடைக்கக்கூடிய பொன்னிறக் காசு. நடுவில், நிலவில் கழுகு இறங்குகிற மாதிரி அச்சிட்ட பெரிய நிக்கல் காசு, ஐக் என்கிற ஐசன்ஹோவர் டாலர். ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு வாங்கிப் போடுவார்கள். சில வருஷம் போனதும் எந்த வரிசையும் முடிந்திருக்காது, டப்பா மட்டும் நிறைந்திருக்கும்.

காரணம் எளிது. தொடங்குகிறவர் முதல் காசின் விலையைப் பார்க்கிறார். பார்க்க வேண்டியது அந்த வரிசையின் கடைசிக் காசு என்ன விலை என்பதை. 1921-ம் ஆண்டு மோர்கன் டாலரை வெள்ளி விலையோடு கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் வாங்கிவிடலாம். அதே வரிசையில் 1893-ல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த காசு, எழுத்து மங்கித் தேய்ந்து கிடந்தாலும் ஆயிரக்கணக்கான டாலர் கேட்கும். வாசற்படி தாழ்வாக இருக்கிற வீட்டுக்கெல்லாம் மாடிப்படியும் தாழ்வாக இருக்கும் என்று நம்ப முடியாது.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் மேலே சொன்னதுதான்: வரிசையை மறித்து நிற்கிற காசு எது, அது உங்கள் கைக்கு எட்டுமா?

இரண்டாவது, அடிமட்ட மதிப்பு. சேகரிப்பவர் ஒருவர்கூட இல்லாமல் போனாலும் அந்தக் காசுக்கு என்ன கிடைக்கும்? மோர்கன், பீஸ் இரண்டிலும் 0.7734 டிராய் அவுன்ஸ் தூய வெள்ளி இருக்கிறது. அன்றைய வெள்ளி விலையை அதால் பெருக்கினால் வருவதுதான் தரை. 1979 முதல் வந்த சின்ன டாலர்களுக்குத் தரை ஒரு டாலர்.

மூன்றாவது, போலி. நான்காவது, கிரேடுக்கு (காசு எவ்வளவு தேயாமல், தழும்பில்லாமல் இருக்கிறது என்ற தர அளவுக்கு) விலை எப்படி ஏறுகிறது என்பது. சில வரிசைகளில் நல்ல காசுக்கும் மிக நல்ல காசுக்கும் இடையே ஒரு படிதான் இருக்கும், ஆனால் விலையில் பத்து மடங்கு வித்தியாசம் இருக்கும். ஐந்தாவது விற்கும் நாள்: வியாபாரி முன்னால் ஆல்பத்தைத் திறந்து வைத்தால் அவர் முழுசாக எடுத்துக்கொள்வாரா, நாலு காசை மட்டும் பொறுக்கிக்கொண்டு மீதியைத் தள்ளிவிடுவாரா?

காசின் கதையை அளவுகோலில் சேர்க்கவில்லை. ஆனால் கடைசி வரை உங்களை அந்த வரிசையில் பிடித்து வைக்கப்போவது கதைதான். ஆகவே ஒவ்வொன்றுக்கும் அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

| வரிசை | ஆண்டுகள் | எடை, விட்டம் | முழு வரிசை | மறிக்கும் காசு | போலி ஆபத்து |
|---|---|---|---|---|---|
| மோர்கன் | 1878–1904, 1921 | 26.73 கிராம், 38.1 மி.மீ. | நூறுக்குச் சற்றுக் குறைவு | 1893-எஸ், 1889-சிசி, 1895 புரூஃப் | மிக அதிகம் |
| பீஸ் | 1921–1928, 1934–1935 | 26.73 கிராம், 38.1 மி.மீ. | 24 | 1921, 1928, உயர்ந்த கிரேடில் 1934-எஸ் | அதிகம் |
| ஐசன்ஹோவர் | 1971–1978 | 22.68 கிராம் (வெள்ளி 24.59), 38.1 மி.மீ. | புரூஃபோடு 32 | எதுவுமில்லை. உயர் கிரேடு மட்டும் | குறைவு |
| சூசன் அந்தோனி | 1979–1981, 1999 | 8.1 கிராம், 26.5 மி.மீ. | புழக்கத்துக்கு அடித்தவை 11 | 1979-எஸ், 1981-எஸ் இரண்டாம் வகைப் புரூஃப் | குறைவு |
| சகாகவேயா, பூர்வகுடி | 2000 முதல் | 8.1 கிராம், 26.5 மி.மீ. | ஆண்டுக்கு 2 | பிழைக் காசுகள் மட்டும் | குறைவு |
| குடியரசுத் தலைவர் | 2007–2016, 2020 | 8.1 கிராம், 26.5 மி.மீ. | 80 | எதுவுமில்லை | விளிம்பு எழுத்தில் மட்டும் |
| புத்தாக்கம் | 2018–2032 | 8.1 கிராம், 26.5 மி.மீ. | 114 | எதுவுமில்லை | குறைவு |

எஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோ, ஓ நியூ ஆர்லியன்ஸ், சிசி கார்சன் சிட்டி, டி டென்வர். பழைய காசில் குறி இல்லையென்றால் பிலடெல்பியா, பி என்றாலும் அதுதான். புரூஃப் என்பது சேகரிப்பவர்களுக்காகத் தனிக் கவனத்தோடு பளபளப்பாக அடிக்கும் காசு. 1794, 1804 போன்ற ஏலக்கூடத்துக் காசுகளை இங்கே எடுக்கவில்லை. 1873-ல் ஆசிய வணிகத்துக்காக அடிக்கத் தொடங்கிய டிரேடு டாலரையும் விட்டுவிட்டோம். அதற்குப் போலி மலிந்து கிடக்கிறது. தொடங்குகிறவருக்கு அது வேண்டாத வேலை.

## மோர்கன் டாலர்

நெவாடா சுரங்கங்களிலிருந்து வெள்ளி கொட்டிக்கொண்டிருந்த காலம். வெள்ளி விலை சரிகிறதே என்று சுரங்கக்காரர்கள் நெருக்க, 1878-ல் பிளாண்ட்-அலிசன் சட்டம் வந்தது. குடியரசுத் தலைவர் ஹேய்ஸ் மறுத்து அனுப்பியதையும் மீறி நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. மாதம் 20 லட்சம் முதல் 40 லட்சம் டாலர் மதிப்புக்கு அரசாங்கம் வெள்ளி வாங்கி, காசாக அடித்தே ஆகவேண்டும். மக்களுக்குக் காசு தேவைப்பட்டதா என்று யாரும் கேட்கவில்லை. கிழக்கு மாநிலங்களில் இந்தக் கனத்தைப் பையில் போட்டுக்கொள்ள ஆளில்லை. அடித்த காசு ஆயிரம் ஆயிரமாக மூட்டை கட்டப்பட்டுப் பெட்டகத்துக்குள் போனது. 140 வருஷப் பழமையான காசு இன்றைக்கும் நேற்று அடித்தது போலப் பளபளப்பாகக் கிடைப்பது இதனால்தான்.

வடிவமைத்தவர் ஜார்ஜ் மோர்கன், இங்கிலாந்திலிருந்து வந்த அச்சு வெட்டுநர். கிரேக்கத் தேவதை முகம் வேண்டாம், அமெரிக்க முகம் வேண்டும் என்று பிலடெல்பியாவின் பள்ளி ஆசிரியை ஆனா வில்லியம்ஸை மாதிரியாக உட்கார வைத்தார். பின்பக்கக் கழுகுக்கு முதலில் எட்டு வால் இறகு. கழுகுக்கு ஒற்றைப்படையில்தான் இறகு இருக்கும் என்று யாரோ சுட்டிக்காட்ட, சில வாரங்களிலேயே ஏழாக்கினார்கள். அவசரத்தில் பழைய அச்சின் மேலேயே புதியதை அழுத்தியதால் சில காசுகளில் ஏழு இறகுக்கு அடியில் எட்டின் நுனிகள் எட்டிப் பார்க்கும். ஆக, 1878 பிலடெல்பியா ஒன்றிலேயே எட்டு, ஏழுக்கு அடியில் எட்டு, ஏழு என மூன்று வகை சேர்க்கலாம். மூன்றும் எட்டக்கூடிய விலைதான்.

இந்த வரிசையில் நம்மோடு தொடர்புள்ள ஒரு பக்கமும் உண்டு. முதல் உலகப் போரின்போது இந்தியாவில் காகித ரூபாயைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்பவர்கள் பெருகினார்கள். பிரிட்டிஷ் இந்திய அரசிடம் வெள்ளி தீர்ந்துகொண்டிருந்தது. பிரிட்டன் அமெரிக்காவிடம் கை நீட்ட, 1918-ல் பிட்மன் சட்டம் வந்தது. 27,02,32,722 வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அதில் பெரும்பகுதி இந்தியாவுக்குக் கப்பலேறி, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ரூபாயானது. அந்தக் காலத்து ரூபாய் நம் வீட்டுப் பழைய பெட்டியில் இருந்தால், அதில் கொஞ்சம் மோர்கன் கலந்திருக்கக்கூடும்.

உருக்கியபோது எந்த ஆண்டு, எந்த நாணயச்சாலை என்று கணக்கு வைக்கவில்லை. இதனால்தான் மோர்கனில் எவ்வளவு அடித்தார்கள் என்ற எண்ணிக்கையை வைத்து அருமையை முடிவு செய்யக் கூடாது. 1895-ல் பிலடெல்பியாவில் 12,000 காசு அடித்ததாகப் பதிவு இருக்கிறது, அதில் ஒன்றைக்கூட யாரும் பார்த்ததில்லை. கிடைப்பது 880 புரூஃப் காசு மட்டுமே. எதிர்த் திசையிலும் நடந்திருக்கிறது. 1903-ஓ அபூர்வம் என்று பெரும் விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. 1962-ன் இறுதியில் அரசுப் பெட்டகத்திலிருந்து மூட்டை மூட்டையாக வெளிவந்ததும் விலை சரிந்தது. கார்சன் சிட்டி காசிலும் கிட்டத்தட்ட 30 லட்சம் பெட்டகத்தில் மிஞ்சியிருந்து, 1972 முதல் 1980 வரை அரசே கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்றது. 1884-சிசி-யில் அடித்ததில் பத்தில் எட்டுக்கு மேல் அப்படி வந்தவைதான். அந்த உறையும் பெட்டியும் இருந்தால் உடைக்காதீர்கள். உறைக்கே தனி விலை உண்டு.

மறைந்திருக்கும் செலவு. முழு வரிசையையும் முடிக்க நினைத்தால் மோர்கன் சாதாரணச் சம்பளத்துக்கு ஒத்துவராது. 1893-எஸ் அடித்தது ஒரு லட்சம். 1889-சிசி மூன்றரை லட்சம், அதிலும் மிஞ்சியது கொஞ்சம். 1895 புரூஃப் பல பத்தாயிரம் டாலர். விலை உயர்ந்த காசைத் தரச் சான்று உறை இல்லாமல் வாங்கக் கூடாது என்பதால் அதற்கான கூடுதல் தொகையும் சேரும். மூட்டையில் ஒன்றோடொன்று மோதியதால் பெண்ணின் கன்னத்தில் தழும்பு இருக்கும். கன்னம் சுத்தமாக இருப்பதைப் பொறுத்தே கிரேடு, கிரேடைப் பொறுத்தே விலை. நியூ ஆர்லியன்ஸ் காசுகளில் காதுக்கு மேல் முடி சரியாக விழாமல் மொழுக்கென்று இருக்கும். அது தேய்மானம் அல்ல, பலவீனமான அடி. அதைத் தேய்மானம் என்று எண்ணி விடுபவர்களும் உண்டு, தேய்ந்ததைப் பலவீன அடி என்று தலையில் கட்டுபவர்களும் உண்டு.

மோர்கன் யாருக்கு. வரலாறு பிடிக்கும், ஆனால் முழு வரிசை வேண்டாம் என்பவருக்கு இதைவிட நல்லது இல்லை. ஐந்து நாணயச்சாலைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்: பிலடெல்பியா எளிதாகக் கிடைக்கும் ஏதோ ஓர் ஆண்டு, அடி கூர்மையாக விழுந்த 1881-எஸ், 1885-ஓ, 1883 அல்லது 1884-சிசி, 1921-டி. பழைய வரிசையில் டென்வரில் மோர்கன் அடித்தது அந்த ஒரே ஆண்டுதான். ஐந்தும் சேர்ந்தால் ஒரு நிறைவு இருக்கும். சிசி மட்டும்தான் சற்று விலை. ஆண்டுக்கு ஒன்று என 28 காசு சேர்ப்பது இரண்டாவது வழி. அதில் 1895-க்குத் தேய்ந்த 1895-ஓ-வைப் போட்டுச் சமாளிக்கலாம். 1893 எந்த நாணயச்சாலையாக இருந்தாலும் கையைக் கடிக்கும்.

ஒரு எச்சரிக்கை. 1921 மோர்கனைப் பழங்காலப் பொக்கிஷம் என்று விற்பார்கள். பிலடெல்பியாவில் மட்டும் 4,46,90,000 அடித்தார்கள். பழைய மூல அச்சு அழிக்கப்பட்டிருந்ததால் புதிதாகச் செய்து அடித்தது; புடைப்பும் தட்டையாகவே இருக்கும். 2021-ல் வந்த மறுவெளியீட்டிலும் சிசி, ஓ என்று எழுத்து இருக்கும். அவை நாணயச்சாலைக் குறி அல்ல, நினைவு முத்திரை. இரண்டுமே பிலடெல்பியாவில் அடித்தவை.

## பீஸ் டாலர்

பிட்மன் சட்டத்துக்கு இன்னொரு விதியும் இருந்தது. உருக்கிய வெள்ளிக்கு ஈடாக அமெரிக்கச் சுரங்கத்திலிருந்து வாங்கி, திரும்ப டாலராக அடிக்க வேண்டும். 1921-ல் மோர்கன் மறுபடி வந்ததும் அந்த ஆண்டுக் கடைசியில் பீஸ் டாலர் பிறந்ததும் இந்தக் கடனைத் தீர்க்கத்தான். போர் முடிந்ததைக் குறிக்கும் காசு வேண்டும் என்று நாணயச் சேகரிப்பாளர்களே கேட்டார்கள். போட்டியில் வென்றவர் இத்தாலியில் பிறந்த இளம் சிற்பி அந்தோனி டி பிரான்சிஸ்சி. காசிலுள்ள சுதந்திர தேவி லிபர்ட்டியின் முகத்துக்கு மாதிரி அவர் மனைவி தெரேசா.

பின்பக்கத்தில் கழுகு முறிந்த வாளின் மேல் நிற்பதாக முதலில் வரைந்திருந்தார். செய்தி வெளிவந்ததும் எதிர்ப்பு. முறிந்த வாள் என்றால் தோல்வி அல்லவா என்று பத்திரிகை எழுதியது. அடிக்க நாள் நெருங்கிவிட்ட நேரத்தில், மூல அச்சிலேயே வாளைச் செதுக்கி எடுக்கும் வேலை வயதான மோர்கன் தலையில் விழுந்தது. இப்போது கழுகின் காலடியில் இருப்பது ஒலிவக் கிளை.

1921 காசு உயர் புடைப்பில் அடித்தது, மொத்தம் 10,06,473. அந்தப் புடைப்பை முழுசாக எழுப்ப அதிக அழுத்தம் தேவைப்பட்டது. அச்சுகள் சீக்கிரம் வெடித்தன, அப்படியும் நடுவில் முடி சரியாக விழவில்லை. 1922-ல் புடைப்பைத் தாழ்த்திவிட்டார்கள். ஆகவே 1921 ஒரு தனி வகை, ஒரே ஆண்டு. எல்லோருக்கும் அது வேண்டும். தேய்ந்த காசே நூறு டாலருக்கு மேல் போவதன் காரணம் அதுதான்.

இந்த வரிசையின் பெரிய பலம் எண்ணிக்கை: 24. அதில் 1922, 1923 பிலடெல்பியா காசுகள் கோடிக்கணக்கில் அடித்தவை. 1928 பிலடெல்பியாதான் மிகக் குறைவு, 3,60,649. அதுவும் சில நூறு டாலரில் முடிகிற சங்கதி, ஆயிரக்கணக்கில் இழுக்காது. மாதம் ஒன்று என்று வைத்தால் இரண்டு வருஷத்தில் ஆல்பம் நிறைந்துவிடும். மோர்கனில் இந்தத் திருப்தி கிடைக்காது.

மறைந்திருக்கும் செலவு கிரேடில் இருக்கிறது. தேய்ந்த 1934-எஸ் எளிதாகக் கிடைக்கும். புழங்காத நிலைக்கு வந்தால் விலை செங்குத்தாக ஏறும். 1925-எஸ், 1928-எஸ் இரண்டும் எம்எஸ் (புழங்காத காசுக்கான கிரேடுக் குறி) 63-ல் சாதாரணம், எம்எஸ் 65-ல் மலை. எனவே எல்லாவற்றையும் ஒரே கிரேடில் சேர்க்க நினைப்பவர் முதலிலேயே அந்தக் கிரேடைத் தீர்மானிக்க வேண்டும். லேசாகத் தேய்ந்த, பளபளப்பு மூலைகளில் மிஞ்சியிருக்கிற ஏயூ 50–55 நிலைதான் இந்த வரிசைக்குச் சிக்கனமானது. பார்க்க அழகாகவும் இருக்கும், 24 காசும் ஒரே மாதிரித் தெரியும்.

1928-ல் ஒரு மோசடி உண்டு. மலிவான 1928-எஸ் காசிலிருந்து எஸ் எழுத்தைச் சுரண்டிவிட்டு, பிலடெல்பியா காசு என்று விற்பார்கள். பீஸ் டாலரில் குறி பின்பக்கத்தில் ஒன் என்ற சொல்லுக்குக் கீழே இருக்கும். அந்த இடத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். சுற்றியிருக்கும் பளபளப்பின் ஓட்டம் அங்கே மட்டும் அறுந்திருந்தால் வேண்டாம்.

1964-டி பீஸ் டாலர் என்று யாராவது நீட்டினால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். 3,16,076 அடித்து, வெளியே விடாமல் எல்லாவற்றையும் உருக்கியதாக அரசுக் கணக்கு. சட்டப்படி வைத்துக்கொள்ளத் தக்கதாக ஒன்றுகூட அறியப்படவில்லை.

## ஐசன்ஹோவர் டாலர்

சேகரிப்பவர்கள் செல்லமாக ஐக் என்பார்கள். 1969-ல் ஐசன்ஹோவர் இறந்தார், அதே ஆண்டு மனிதன் நிலவில் இறங்கினான். இரண்டையும் ஒரே காசில் வைத்தார்கள். முன்பக்கம் அவர் தலை. பின்பக்கம் அப்போலோ 11 பயணச் சின்னம், கழுகு ஒலிவக் கிளையோடு நிலவில் இறங்குவது. காசை வடிவமைத்தவர் பிராங்க் காஸ்பாரோ. சின்னத்துக்கான யோசனை அந்தப் பயணத்தில் சென்ற மைக்கேல் காலின்ஸுடையது. 1975 என்று ஆண்டு போட்ட காசே கிடையாது. நாட்டின் இருநூறாம் ஆண்டுக்காக 1776–1976 என்று போட்டு, நிலவுக்கு முன்னால் சுதந்திர மணி இருக்கும் பின்பக்கத்தோடு அடித்தார்கள்.

இரண்டு உலோகம். புழக்கத்துக்கு அடித்தது செம்பின் மேல் செப்பு-நிக்கல் தகடு ஒட்டியது, 22.68 கிராம். சேகரிப்பவர்களுக்குச் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த 40 சதவீத வெள்ளிக் காசு 24.59 கிராம். பக்கவாட்டில் பார்த்தால் முதல் வகையில் செம்பு நிறக் கோடு தெளிவாகத் தெரியும், வெள்ளியில் தெரியாது. ஆனால் எஸ் குறி இருந்தாலே வெள்ளி என்று நம்பாதீர்கள். 1973 முதல் வெள்ளியில்லாத எஸ் புரூஃப்களும் உண்டு. தராசுதான் சாட்சி.

பி, டி, எஸ், வெள்ளி, புரூஃப் எல்லாம் சேர்த்து 32 காசு, அதில் ஒன்றுகூட வாங்க முடியாதது இல்லை. மொத்தத்தையும் ஒரு நடுத்தர மோர்கன் விலைக்குள் முடிக்கலாம். சிக்கல் உயர் கிரேடில்தான். பெரிய கெட்டியான உலோகம், சரியாக அடி விழவில்லை, மூட்டையில் உருண்டு அடிபட்டது. தழும்பில்லாத எம்எஸ் 66 பிலடெல்பியா காசு கிடைப்பது குதிரைக்கொம்பு. வங்கி ரோலை (தாளில் சுருட்டிய காசுக் கட்டை) பிரித்து அப்படி ஒன்று தேடுவதே சிலருக்கு முழுநேரப் பொழுதுபோக்கு. 1972 பிலடெல்பியாவில் பின்பக்கத்துப் பூமி உருண்டை மூன்று விதமாக இருக்கும். உருண்டை வட்டமாகவும் புளோரிடாவுக்கு அருகே தீவுகள் தெரியாமலும் இருக்கிற இரண்டாம் வகைக்குத்தான் விலை. லென்ஸும் பொறுமையும் இருப்பவருக்கு இது லாபமான இடம். விற்பவர்களில் பலர் அதைப் பார்ப்பதே இல்லை.

விற்கும் நாளை நினைத்தால் மனம் கொஞ்சம் சோர்வடையும். பழுப்புப் பெட்டியில் வந்த வெள்ளிப் புரூஃபை 1971-லேயே நாணயச்சாலை 10 டாலருக்கு விற்றது. பல பத்தாண்டு அது அந்த விலையைத் தாண்டவே தவித்தது. தாண்டியபோதும் தூக்கியது வெள்ளிச் சந்தைதான், சேகரிப்பவர்கள் அல்ல. பிள்ளைகளோடு சேர்ந்து தொடங்குபவருக்கும், விண்வெளி ஆர்வலருக்கும், ஒரே ஆண்டில் ஒரு வரிசையை முடித்துப் பார்க்க விரும்புபவருக்கும் ஐக் நல்லது. முதலீடு என்ற சொல்லை மறந்துவிட வேண்டும்.

## சின்ன டாலர்கள்

### சூசன் பி. அந்தோனி

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெண்களின் வாக்குரிமைக்குப் போராடியவர். புழக்கத்துக்கு வந்த அமெரிக்கக் காசில் இடம்பெற்ற, கற்பனையில்லாத முதல் பெண். 26.5 மி.மீ. விட்டம், பார்வைக்கு 24.3 மி.மீ. கால் டாலர் போலவே நிறம், வரிவிளிம்பு. கடைக்காரர்கள் மாற்றிக் கொடுத்து ஏமாந்தார்கள். விளிம்புக்குள் பதினொரு பக்க வரைகோடு போட்டும் பயனில்லை. முதல் ஆண்டில் 75 கோடிக்கு மேல் அடித்து, மூன்றாம் ஆண்டில் நிறுத்தினார்கள். தானியங்கி விற்பனை இயந்திரங்களும் போக்குவரத்துச் சீட்டு இயந்திரங்களும் கையிருப்பைத் தின்று தீர்த்ததால் 1999-ல் ஒருமுறை மறுபடி.

பதினொரு காசும் சுலபம். 1979-பி-யில் ஆண்டு எண் விளிம்பை ஒட்டியிருந்தால் எடுத்து வையுங்கள், அது குறைவானது. 1979, 1981 புரூஃப்களில் எஸ் எழுத்து தெளிவாக இருக்கும் இரண்டாம் வகை இருக்கிறது. விலையெல்லாம் அங்கேதான்.

### சகாகவேயாவும் பூர்வகுடி வரிசையும்

அமெரிக்க மேற்குப் பகுதியை ஆராயப் போன லூயிஸ், கிளார்க் பயணத்தில் வழித்துணையாகச் சென்ற ஷோஷோனிப் பெண் சகாகவேயாவுக்கு எந்த உருவப்படமும் இல்லை. சிற்பி கிளென்னா குட்ஏக்கர் அதே இனத்து மாணவி ராண்டல் டீட்டனை மாதிரியாக வைத்து, முதுகில் குழந்தையோடு, திரும்பிப் பார்க்கும் முகமாகச் செய்தார். உலோகம் மாங்கனீசுப் பித்தளை. அந்தோனி டாலரை ஏற்கும் இயந்திரங்கள் இதையும் ஏற்க வேண்டும் என்பதற்காக மின்காந்தப் பண்பு ஒத்துப்போகும்படி கலந்தது. அமெரிக்காவில் இதைச் சீந்துவாரில்லை. 2000-ல் டாலரைத் தன் பணமாக்கிக்கொண்ட ஈக்வடாரில் இது தினசரிச் சில்லறை.

2009 முதல் பின்பக்கம் ஆண்டுக்கு ஒன்று மாறுகிறது. சோளம், அவரை, பூசணி மூன்றும் சேர்த்துப் பயிரிடும் முறை, உயரமான கட்டடங்களில் இரும்பு கோத்த மோஹாக் தொழிலாளர்கள், போரில் தாய்மொழியில் சங்கேதம் பேசியவர்கள், செரோக்கி எழுத்தை உருவாக்கிய செக்வோயா என்று போகிறது. எல்லா டாலர் வரிசையிலும் கதை வளம் அதிகமானது இதுதான் என்பது என் கணிப்பு. விலை வளம் இல்லை.

ஒரு விதிவிலக்கு. 2000-ல் சீரியோஸ் காலை உணவுப் பெட்டிகளுக்குள் 5,500 காசுகளைப் போட்டார்கள். அவற்றில் கழுகின் வால் இறகுகளில் நடுநரம்பு தெளிவாக வெட்டியிருப்பது சில வருஷம் கழித்தே தெரியவந்தது. 2000-பி கையில் கிடைத்தால் வாலை லென்ஸில் பார்க்காமல் செலவழிக்காதீர்கள்.

### குடியரசுத் தலைவர்கள்

2007 முதல் ஆண்டுக்கு நால்வர். இறந்து இரண்டு ஆண்டு ஆனவர்களுக்கு மட்டுமே காசு என்பது சட்டம். அதனால் 2016-ல், அப்போது உயிரோடிருந்த கார்ட்டரைத் தாண்டி ரீகனோடு நின்று, மூத்த புஷ் 2018-ல் இறந்த பிறகு 2020-ல் அவருக்கு ஒன்று. இடையில் விட்டுவிட்டு இரண்டு முறை பதவி வகித்த கிளீவ்லாண்டுக்கு இரண்டு. ஆக 40 வடிவம், பி, டி சேர்த்து 80.

ஆண்டும் நாணயச்சாலைக் குறியும் விளிம்பில் இருக்கும். காசை அடித்த பிறகு வேறோர் இயந்திரத்தில் அதைப் பதிப்பார்கள். வாஷிங்டன் காசுகளில் ஏராளமானவை அந்த இயந்திரத்துக்குப் போகாமலே வங்கிக்குப் போய்விட்டன. கடவுளை நம்புகிறோம் என்ற வாசகமும் விளிம்பில்தான் இருந்தது. வேண்டுமென்றே நீக்கிவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பி, கடவுளற்ற டாலர் என்று பெயரே வந்துவிட்டது. 2009-ல் வாசகத்தை முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். எழுத்தில்லாத விளிம்புள்ள காசுக்கு மதிப்பு உண்டு என்பதால் எழுத்தை அரத்தால் தேய்த்து அழித்தவையும் சந்தையில் திரிகின்றன. 8.1 கிராமும் 26.5 மி.மீட்டரும் சரியாக இருக்கிறதா பாருங்கள், தேய்த்தால் இரண்டும் குறையும். எழுத்து மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்பதை வகை என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பார்கள். காசு இயந்திரத்துக்குள் எப்படி விழுந்ததோ அப்படி. அதற்குக் காசு கொடுக்க வேண்டாம்.

இவை ஏன் இவ்வளவு மலிந்து கிடக்கின்றன? நாணயச்சாலை முகமதிப்புக்கே, அஞ்சல் செலவில்லாமல், வீட்டுக்கு அனுப்பியது. கடன் அட்டையில் வாங்கி, விமானப் பயணப் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு, பெட்டியைப் பிரிக்காமல் வங்கியில் போட்டார்கள் புத்திசாலிகள். 2011-ல் கடன் அட்டையை நிறுத்தினார்கள். அதே ஆண்டு இறுதியில் புழக்கத்துக்கு அடிப்பதையும் நிறுத்தினார்கள். 2012-க்குப் பிந்தையவை சேகரிப்பவர்களுக்கு மட்டும் என்பதால் எண்ணிக்கை குறைவு, விலையும் முகமதிப்பைவிடக் கூட. முதல் ஐந்தாண்டுக் காசுகளை ஒரு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கத் தேவையில்லை.

### புத்தாக்க வரிசை

அமெரிக்கப் புதுமைகளைக் கொண்டாடும் வரிசை. ஜார்ஜ் வாஷிங்டன் கையெழுத்திட்ட முதல் காப்புரிமையோடு 2018-ல் தொடங்கி, பிறகு ஆண்டுக்கு நான்கு: 50 மாநிலங்கள், தலைநகர், ஐந்து ஆட்சிப்பகுதிகள். ஹபிள் தொலைநோக்கி, போலியோ தடுப்பூசி, ஈரி கால்வாய், வீடியோ கேம் என்று தலைப்புகள் சுவையானவை. ஆனால் ஒன்றுகூடப் புழக்கத்துக்கு வருவதில்லை. 25 டாலர் முகமதிப்புள்ள ரோலுக்கு நாணயச்சாலையே அதைவிடக் கணிசமாகக் கூடுதல் விலை வாங்குகிறது. 2032 வரை பதினான்கு ஆண்டு சந்தா கட்டுவது மாதிரி. விற்கப் போனால் முகமதிப்பை ஒட்டித்தான் கிடைக்கும். பிடித்த பத்துத் தலைப்பை மட்டும் உதிரியாக வாங்குவதே நல்லது.

## வாங்குமுன் தராசில்

மோர்கன், பீஸ் இரண்டுக்கும் பொதுவான சோதனை. முதலில் 0.01 கிராம் காட்டும் தராசு. 26.73-க்கு மேலோ கீழோ 0.1 கிராமுக்குள் இருக்க வேண்டும். நன்றாகத் தேய்ந்த காசு இன்னும் குறையலாம், கூடக் கூடாது. வலுவான காந்தம் ஒட்டவே கூடாது.

அடுத்து அடர்த்தி. தராசின் மேல் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுக மூழ்கவிடுங்கள். தராசு சுமார் 2.58 காட்ட வேண்டும். 26.73-ஐ அதால் வகுத்தால் 10.3-ஐ ஒட்டி வரும். பித்தளைக்கும் நிக்கலுக்கும் வெள்ளி முலாம் பூசிய போலி இங்கே ஒன்பதுக்குக் கீழே விழுந்துவிடும். காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தவறும், ஒருமுறை ஆட்டிவிட்டு அளக்கவும்.

இந்தச் சோதனை உலோகத்தை மட்டுமே சொல்லும். உண்மையான 1893 காசில் எஸ் எழுத்தை ஒட்டியிருந்தால் தராசுக்குத் தெரியாது. நூறு டாலருக்கு மேல் போகிற எதையும் பிசிஜிஎஸ் அல்லது என்ஜிசி (காசைத் தரம் பார்த்து, சான்றோடு உறையிட்டுத் தரும் நிறுவனங்கள்) உறையில்தான் வாங்க வேண்டும். உறையிலும் போலி உண்டு, ஆகவே எண்ணை அவர்கள் தளத்தில் தேடி, படத்தோடு காசின் தழும்புகளை ஒப்பிடுங்கள். மறுபுறம், இருபது டாலர் காசை நீங்களே அனுப்பிச் சான்று வாங்காதீர்கள். கட்டணமும் அஞ்சலும் காசின் விலையைத் தாண்டிவிடும்.

## வைத்திருப்பதன் செலவு

மென்மையான, வளைகிற பிவிசி உறையில் வைத்தால் சில வருஷத்தில் பச்சைப் பிசின் படியும். மைலார் உறை, கெட்டிப் பிளாஸ்டிக் குப்பி இரண்டும் பாதுகாப்பு. பிசின் படிந்துவிட்டால் தூய அசிட்டோனில் ஊறவைத்து எடுக்கலாம், ஆனால் தேய்க்கக் கூடாது. புளி, திருநீறு, பல்பொடி போட்டு விளக்கிய வெள்ளிக் காசு பளிச்சென்று தெரியும். சேகரிப்பவர் கண்ணில் அதன் மதிப்பு பாதியும் தேறாது. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடற்காற்று அடிக்கும் ஊரில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, அது நிறம் மாறும்போது மாற்ற வேண்டும்.

மாங்கனீசுப் பித்தளை இன்னும் தொட்டாற்சிணுங்கி. விரல் பட்ட இடம் பழுப்பாகும், அது போகாது. விளிம்பில் குறி இருக்கும் சின்ன டாலரை ஆல்பக் குழியில் அழுத்திவிட்டால் விளிம்பு மறைந்துவிடும், பி-யா டி-யா என்று தெரியாது. ஒவ்வொன்றாக விளிம்பைப் படித்து, குறிப்பு எழுதிய பிறகே உள்ளே போடுங்கள். எண்பது காசையும் திரும்ப வெளியே நெம்பி எடுத்துப் பார்த்தவர்கள் நிறையப் பேர்.

## இரண்டுக்கு நடுவே நிற்பவருக்கு

மோர்கனா பீஸா என்றால், வரிசையை முடிக்காமல் தூக்கம் வராதவர் பீஸ் பக்கம் போகட்டும். முடிக்காவிட்டாலும் பரவாயில்லை, ஒவ்வொரு காசையும் தனியாக ரசிப்பேன் என்பவருக்கு மோர்கன். விற்கும்போது இரண்டுக்கும் வெள்ளித் தரை உண்டு, மோர்கனுக்கு வாங்க ஆள் கொஞ்சம் அதிகம்.

ஐக்கா சின்ன டாலரா என்றால், அமெரிக்காவில் இருப்பவருக்குச் சின்ன டாலர் நல்ல விளையாட்டு. வங்கியில் கேட்டு ரோல் வாங்கி, தேடி முடித்து, மீதியைத் திரும்ப அதே வங்கியில் போட்டுவிடலாம். நஷ்டம் நேரம் மட்டும். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வாங்குபவருக்கு அந்த வசதி இல்லை. ஒரு டாலர் காசுக்கு அஞ்சல் செலவு பல டாலர் ஆகிவிடும். அவருக்கு ஐக் முழுத் தொகுப்பாக ஒரே பொட்டலத்தில் வருவதே சிக்கனம். வெள்ளிக் காசை வரவழைக்குமுன் அப்போதைய சுங்க விதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் வாங்கும் வரிசையைத் தலைகீழாக்குங்கள். பீஸ் என்று முடிவானால் முதல் மாதமே 1922-ஐ வாங்காமல், மூன்று நான்கு மாதப் பணத்தைச் சேர்த்து 1921-ஐ வாங்குங்கள். பிறகு 1928. அந்த இரண்டும் வந்துவிட்டால் மிச்சம் 22. வாங்க மனம் வராவிட்டால் அப்போதே வேறு வரிசைக்கு மாறிக்கொள்ளலாம், டப்பாவில் இன்னும் சில்லறை சேர்ந்திருக்காது.